பல வருடம் கழித்து உடம்பை அசைக்கத் தொடங்குகிறவர்களுக்கு: முதல் 12 வாரங்கள்

நாற்பதைத் தாண்டி உடற்பயிற்சியைத் தொடங்குகிறவர்களில் பலர் மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொல்வார்கள், அவர்களும் அதையே நம்பிவிடுவார்கள். நான் பார்த்தவரை அவர்களை நிறுத்தியது முழங்கால் வலி, இல்லையென்றால் குதிகால் வலி.

இதற்கு உடம்புக்குள்ளேயே காரணம் இருக்கிறது. நடக்கத் தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் இதயமும் நுரையீரலும் பழகிவிடும். மாடிப்படி ஏறினால் முன்புபோல் மூச்சு வாங்காது. தசையும் ஓரளவு சீக்கிரம் தேறிக்கொள்ளும். ஆனால் தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். "இப்போதுதான் மூச்சே வாங்கவில்லையே" என்று மூன்றாவது வாரம் ஓட ஆரம்பித்தால், இதயம் தாங்கும், குதிகால் தாங்காது.

அதனால் இந்த வழிகாட்டி வேண்டுமென்றே மெதுவாகப் போகிறது. அலுவலகத்திலோ கடையிலோ வண்டி சீட்டிலோ வருடக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தவர்கள், வீட்டு வேலை பார்த்தும் தொப்பை குறையாதவர்கள், 'சுகர் பார்டர்ல இருக்கு' என்று டாக்டர் சொல்லியிருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். உடம்பைத் தேற்றுவது நடையும் தசைப் பயிற்சியும். எடையைக் குறைப்பது பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், ஒரு மாதம் நடந்தும் எடை இறங்கவில்லை என்று மனம் விட்டுப்போகும்.

தொடங்கும் முன்: பரிசோதனையும் ஓர் அளவு டேப்பும்

பி.பி., வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி., கொலஸ்ட்ரால், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆடம்பரமான மாஸ்டர் செக்கப் தேவையில்லை. பி.பி.யும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். பெண்கள் ஹீமோகுளோபினைத் தவறவிட வேண்டாம். ரத்த சோகையால் மூச்சு வாங்குவதை 'உடம்பு பழக்கமில்லை' என்று நினைத்து வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

சிலர் டாக்டரிடம் பேசாமல் தொடங்கவே கூடாது. இதய நோய் உள்ளவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், படி ஏறும்போது நெஞ்சு இறுக்கம் வருபவர்கள், மயங்கி விழுந்தவர்கள், பி.பி. 180/110 அளவில் இருப்பவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள், பாதம் மரத்துப்போனவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் இதில் அடக்கம். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளைமிபிரைடு, கிளிக்ளசைடு வகை சுகர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, படபடப்பு வந்தால் அதுதான். சட்டைப் பையில் குளுக்கோஸோ சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். பயிற்சி தொடங்கப்போவதை டாக்டரிடம் முன்பே சொன்னால் மருந்தின் அளவை மாற்றித் தருவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடக்கும்போது நெஞ்சின் நடுவில் அழுத்தம் வந்து, அது தாடைக்கோ தோளுக்கோ இடது கைக்கோ பரவினால், கூடவே குளிர்ந்து வியர்த்தால், வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அங்கேயே உட்காருங்கள், 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். நம் ஊர் உடம்புக்கு இந்த அளவு மிக முக்கியம். ஒல்லியான கை காலோடு தொப்பை மட்டும் முன்தள்ளி இருப்பவருக்கும் சர்க்கரை வருவது இதனால்தான். பி.எம்.ஐ. (கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) கணக்கிலும் இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்றுதான் நம் மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மேற்கத்திய நாடுகளின் 25, 30 என்ற அளவைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்ன சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் ஆண்கள் 14, பெண்கள் 12 முறைக்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு என்று முதியோர் மருத்துவத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். 45 வயதில் நீங்கள் அந்த எண்ணைத் தொடவில்லை என்றால் கால்களின் வலு வயதைத் தாண்டி இறங்கியிருக்கிறது. இந்த எண்ணையும் இடுப்பளவையும் எடையையும் நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.

வாரம் 1, 2: சாப்பிட்டதும் பத்து நிமிடம்

முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு வேலைதான். ஒரு நாளில் இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். அவ்வளவு போதும். வேகம் வேண்டாம், வியர்க்க வேண்டியதில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடக்கப்போகிறேன் என்ற தீர்மானத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நேரமும் இடமும் தூக்கமும் ஒன்றாக மாறும்போது ஏதாவது ஒன்று கழன்றுகொள்ளும். சாப்பாட்டோடு சேர்த்துவிட்டால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை.

இதில் மருத்துவ லாபமும் உண்டு. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை, அசைகிற தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே உள்ளே இழுத்துக்கொள்ளும். இரவு உணவு முடிந்து மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடந்தால், டிவி முன்னால் உட்காரும் நாளைவிட சர்க்கரை குறைவாகவே ஏறும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் நீங்களே ஒருநாள் நடந்தும் ஒருநாள் உட்கார்ந்தும் அதே சாப்பாட்டுக்குப் பார்க்கலாம்.

ஷூவில் கஞ்சம் பார்க்காதீர்கள்; விலை உயர்ந்ததும் தேவையில்லை. மாலையில் போய் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் பகுதி கெட்டியாக இருக்க வேண்டும். கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடப்பது நல்லது என்று பலர் சொல்வார்கள். பழக்கமில்லாத கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அது பெரிய சுமை. பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபத்தும்கூட, கண்ணாடித் துண்டு குத்தியதே தெரியாமல் போகும்.

வாரம் 3 முதல் 6: நடை நீளும், தசை வேலை தொடங்கும்

மூன்றாவது வாரம் பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்குங்கள். நான்காவது வாரம் ஒரு நடையை மட்டும் இருபது, இருபத்தைந்து நிமிடமாக நீட்டுங்கள். ஐந்து, ஆறாவது வாரங்களில் வாரத்துக்கு ஐந்து நாள் முப்பது நிமிடம் வேகநடை என்ற இடத்துக்கு வந்துவிடலாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுதான் சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்னதும் இதுதான்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வேலை. நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். ஒன்றைக் கூட்டினால் மற்றது அப்படியே இருக்கட்டும்.

நடக்க இடம் இல்லை என்ற குறை சென்னை, கோவை, மதுரையில் பாதிதான் உண்மை. 2023 நவம்பரில் அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கி.மீ. நடைபாதை குறித்திருக்கிறார்கள். முதல் மாதமே முழு 8 கி.மீ.யையும் நடந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் இருட்டிய பிறகு. தெருநாய்த் தொல்லையோ வெளிச்சமில்லாத தெருவோ இருந்தால் மாடியோ வீட்டுக் கூடமோ போதும். கால்களுக்கு வித்தியாசம் தெரியாது.

இனி தசை. நம் ஊரில் உடற்பயிற்சி என்றால் வாக்கிங் என்றே ஆகிவிட்டது. பூங்காவில் இருபது வருடமாக நடப்பவர்கள் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாமல் இருப்பதைப் பார்க்கிறோம். முப்பது வயதுக்கு மேல் தசை பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை கரைகிறது, உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இன்னும் வேகமாக. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதி போய்ச் சேரும் கிடங்கு தசைதான். அது சுருங்கினால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும். சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கினால் கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்கிறவர்கள் இதைச் செய்யுங்கள் என்பேன்.

வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் குறைந்தது ஒருநாள் இடைவெளி. ஜிம் வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு பாய், ஒரு அரிசிப் பை இருந்தால் போதும்.

முதலாவதும் முக்கியமானதும் *நாற்காலியில் உட்கார்ந்து எழுவது*. இதைக் கவனமாகப் பழகுங்கள். நாற்காலி சுவரில் முட்டி நிற்கட்டும். பாதங்கள் தோள் அகலம், கால் விரல்கள் லேசாக வெளிப்பக்கம். பின்னால் இருக்கிற நாற்காலியை இடுப்பால் தேடுவதுபோல் முதலில் இடுப்பைப் பின்னே தள்ளி, பிறகு முழங்காலை மடக்குங்கள். மூன்று எண்ணி இறங்குங்கள். தொப்பென்று விழாமல் நாற்காலியைத் தொட்டதும், குதிகாலை அழுத்தி, மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். முழங்கால்கள் உள்பக்கம் சாயாமல் கால் விரல் போகும் திசையிலேயே போக வேண்டும். இதை மட்டும் வீட்டில் யாரையாவது முன்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். வலித்தால் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். வாரங்கள் போகப் போக ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். 12 முறை சிரமமில்லாமல் வந்தால் ஐந்து கிலோ அரிசியைப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். அதற்கும் பிறகு, பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் இருக்கவே இருக்கிறது.

இரண்டாவது *தள்ளுவது*. சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுங்கள். அது எளிதானால் சமையல் மேடை, பிறகு கட்டில் விளிம்பு, கடைசியாகத் தரை. தரைக்கு வர ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை. மூன்றாவது *இழுப்பது*. ஒரு கையைக் கட்டிலில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் பையை இடுப்புப் பக்கம் இழுத்துத் தூக்குங்கள். கம்ப்யூட்டர் முன் கூன் விழுந்த முதுகுக்கு இது மருந்து. நான்காவது *இடுப்பு தூக்குவது*. பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்கி இரண்டு நொடி நிறுத்துங்கள். ஐந்தாவது *குதிகால் தூக்குவது*, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். குதிகால் வலியைத் தள்ளிப்போடுவதில் இதன் பங்கு பெரிது. முடிந்தால் கடைசியில் பாதித் தண்ணீர் நிரப்பிய இரண்டு வாளிகளை இரு கையிலும் தூக்கிக்கொண்டு ஒரு நிமிடம் நேராக நடங்கள்.

ஒவ்வொன்றும் 8 முதல் 10 தடவை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருந்தால்தான் பலன். பி.பி. உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தூக்கவே கூடாது. பிரசவத்துக்குப் பிறகோ மாதவிடாய் நிற்கும் வயதிலோ இருக்கும் பெண்கள் பலருக்குத் தும்மினாலும் குதித்தாலும் சிறுநீர் கசியும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் பயிற்சியையே விட்டுவிடுவார்கள். குதிக்கும் பயிற்சியை மட்டும் தவிர்த்துவிட்டு, இடுப்புத் தளத் தசைக்கான பயிற்சியை மகப்பேறு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். இது சரியாகக்கூடிய பிரச்சினை.

தட்டு: எடை இறங்குவது இங்கேதான்

80 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 140 கலோரி. டீக்கடையில் ஒரு மெதுவடை சாப்பிட்டால் கிட்டத்தட்ட அவ்வளவும் திரும்பி வந்துவிடும். நடந்துவிட்டு வரும் வழியில் நண்பர்களோடு வடையும் டீயும் என்று இருப்பவர்களின் எடை ஏன் அசையவில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 46 வயது, 168 செ.மீ. உயரம், 80 கிலோ, உட்கார்ந்த வேலை. இந்த எடையிலேயே இருக்க அவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,100 கலோரி வேண்டும். அதில் 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. இந்த 500-ஐப் பட்டினி கிடக்காமல் எடுக்க முடியும்.

நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம், 160 கலோரி. அரை ஸ்பூனாக்கினால் 120 மிச்சம். நாக்கு இரண்டே வாரத்தில் பழகிவிடும். வெல்லம், கருப்பட்டி, தேன் எதற்கு மாறினாலும் கணக்கு ஏறத்தாழ அதேதான். சாயங்கால வடையை விட்டால் 130, 140. மதியம் மூன்று கப் சோற்றை ஒன்றரைக் கப் ஆக்கினால் 300 குறையும். அதில் பாதியைப் பொரியல், சுண்டல், முட்டை, மீனாகத் திருப்பிக் கொடுத்தாலும் 150 மிச்சம்.

அடுத்தது எண்ணெய். இதை யாரும் கணக்கிடுவதில்லை. மாத சாமான் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் வாங்கினால் தலைக்கு ஒரு லிட்டர், அதாவது தினமும் சுமார் 275 கலோரி எண்ணெயாகவே உள்ளே போகிறது. தலைக்கு அரை லிட்டர் என்று கொண்டுவந்தால் ஆளுக்கு 135-க்கு மேல் குறையும். எண்ணெய்ப் பாட்டிலைச் சாய்க்கிற கையை நிறுத்திவிட்டு ஸ்பூனால் அளந்து ஊற்றத் தொடங்கினாலே பாதி வேலை முடிந்தது. செக்கு எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எதுவானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான்.

இவற்றைக் கூட்டினால் 500-ஐத் தாண்டிவிடுகிறது. இட்லியும் இருக்கிறது, சோறும் இருக்கிறது.

குறைப்பதோடு ஒன்றைக் கூட்டவும் வேண்டும்: புரதம். நம் சாப்பாட்டின் பெரிய ஓட்டை இது. மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னியில் கிடைக்கும் புரதம் ஆறேழு கிராம்தான். பதினொரு மணிக்கே பசிப்பது அதனால்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்கிறது. எடை குறைப்பவர்கள், தசைப் பயிற்சி செய்பவர்கள் ஒரு கிராம் அளவுக்காவது போவது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேளுங்கள். ஒரு முட்டை 6 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல் 12, 100 கிராம் மத்தியோ நெத்திலியோ கோழியோ 20-க்குப் பக்கம், 100 கிராம் பனீர் 18, 30 கிராம் சோயா 15, ஒரு டம்ளர் பால் 6. நீர்த்த சாம்பாரை நம்பி உட்காராதீர்கள். பருப்பைக் கெட்டியாகக் கடைந்து கூட்டாகச் சாப்பிடுங்கள்.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம்மூரில் சொல்வார்கள். கொள்ளில் புரதமும் நாரும் நிறைய, வயிறு நிறையும், ஆகவே அது உண்மையிலேயே உதவும். ஆனால் கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைக்காது. வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கரைக்காது. சிறுதானியமும் அப்படியே, கம்பு, வரகு, கேழ்வரகு எல்லாம் எடைக்கு எடை அரிசியின் கலோரிக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. நார் அதிகம் என்பது உண்மையான லாபம், அளவில்லாமல் சாப்பிடலாம் என்பது பொய்.

தட்டில் பாதியைக் காய்க்கும் கீரைக்கும் கொடுத்துவிட்டு, அவற்றையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வாருங்கள். அதே சோறுதான், ஆனால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும், இரண்டாவது கரண்டியைக் கை தானாகவே விடும். மது அருந்துகிறவர்களுக்கு ஒரே வரி: அதிலுள்ள ஆல்கஹாலில் ஒரு கிராமுக்கு 7 கலோரி, கூட வரும் சைடு டிஷ் தனிக்கணக்கு.

எடைக்கான ஊசி பற்றிக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது, செமாகுளூடைடும் கிடைக்கிறது. தேவையானவர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிற மருந்துகள், மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் எடுக்க வேண்டியவை. ஊசியால் பசி அடங்கிச் சாப்பாடு குறையும்போதும் தசை கரையும், நிறுத்தினால் எடை திரும்பும். ஊசி போட்டுக்கொள்பவருக்கு அரிசிப் பையும் நாற்காலியும் மற்றவர்களைவிட அதிகம் தேவை.

வாரம் 7 முதல் 12: கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்

ஏழாவது வாரத்தை இலகுவாக விடுங்கள். நேரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடலாம். தசைநாண்கள் இந்த ஓய்வில்தான் தேறிக்கொள்ளும். எட்டாவது வாரத்திலிருந்து இரண்டு நாள் நடையில் மட்டும் மாற்றம்: ஐந்து நிமிடம் சாதாரண நடைக்குப் பிறகு ஒரு நிமிடம் உங்களால் முடிந்த வேகத்தில், இரண்டு நிமிடம் மெதுவாக, இப்படி ஆறு முறை. மேம்பாலமோ மாடிப்படியோ இருந்தால் வேகத்துக்குப் பதில் ஏற்றம். மற்ற நாட்கள் பழைய நடை, 40 நிமிடம் வரை. தசைப் பயிற்சியை மூன்று சுற்றாக்குங்கள்.

ஓடலாமா என்று கேட்டால், பி.எம்.ஐ. 30-க்கு மேல் இருப்பவர்கள் இந்த 12 வாரத்தில் வேண்டாம். சைக்கிளும் நீச்சலும் மூட்டுக்கு இதமானவை. மற்றவர்களும் 40 நிமிடம் வலியில்லாமல் நடந்து காட்டிய பிறகு, ஒரு நிமிட ஓட்டம், மூன்று நிமிட நடை என்றுதான் தொடங்க வேண்டும்.

ஒரு நாளைக்கு 10,000 காலடி நடக்க வேண்டும் என்ற கணக்கு 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்ற நிறுவனம் பரப்பியது. அதைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. இப்போது 3,000 நடப்பவர் 5,000 நடந்தாலே உடம்பு அதை உணரும்.

எந்த வலியைப் பொறுக்கலாம்

பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் இரண்டு தொடையும் ஒரே மாதிரி வலித்து, கழிவறையில் உட்கார்ந்து எழக் கஷ்டமாக இருந்தால் பயப்பட வேண்டாம். அது தசை வலி, மூன்று நாளில் போய்விடும். ஒரு பக்கம் மட்டும், மூட்டுக்குள், ஒரே புள்ளியில் வலித்தால், வீங்கினால், நொண்ட வைத்தால் அது வேறு. பத்துக்கு மூன்று அளவு வலி, 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது என்றால் அதே அளவில் தொடரலாம். மறுநாள் காலை முந்தைய நாளைவிட மோசமாக இருந்தால் பாதியாகக் குறையுங்கள்.

காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதல் அடியில் குதிகாலில் சுரீர் என்றால் பாதத்தின் அடிச்சவ்வு அழற்சியாக இருக்கலாம். வீட்டுக்குள் டைல்ஸ், மார்பிள் தரையில் மெத்தென்ற செருப்பு போடுங்கள். சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டி அரை நிமிடம் நிறுத்துவதை ஒரு நாளைக்கு நான்கைந்து முறை செய்யுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

எடை மெஷின் சொல்வதும் சொல்லாததும்

வாரத்துக்கு ஒருமுறை, காலையில், கழிவறை போய்வந்த பிறகு, ஒரே மாதிரி உடையில் பாருங்கள். உப்பு, ஊறுகாய், கல்யாணச் சாப்பாடு, மாதவிடாய் நாட்கள் இவற்றால் ஒன்றிரண்டு கிலோ தண்ணீராகவே ஏறி இறங்கும். முதல் வாரத்தில் சட்டென்று இறங்கும் இரண்டு கிலோவும் பெரும்பாலும் தண்ணீர்தான். 12 வாரத்தில் தொடக்க எடையில் ஐந்து சதவீதம், 80 கிலோ என்றால் 4 கிலோ, மிக நல்ல பலன். மாதம் பத்து கிலோ என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். வேகமாக எடை இறக்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும்.

எடை அசையாத மாதங்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்த பிரிவில் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களின் எடையில் சொல்லும்படியான இறக்கமே இல்லை! மெஷினில் தெரியாத வேலை உள்ளே நடந்துகொண்டிருந்தது.

இரண்டு மாதம் போனபின் எடை நின்றுவிட்டால், முதலில் எண்ணெயையும் மாலைத் தீனியையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அளவுகள் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குப் போயிருக்கும். அப்படி இல்லையென்றால், 75 கிலோ உடம்புக்கு 80 கிலோ உடம்பின் தேவை இல்லை என்பதே காரணம். சோற்றில் இன்னும் அரைக் கப் குறைத்து, நடையில் பத்து நிமிடம் கூட்டுங்கள். தூக்கத்தையும் பாருங்கள். ஐந்து மணி நேரம் மட்டும் தூங்குபவருக்குப் பசி அதிகம், அதுவும் இனிப்பின் மேல். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

இடையில் விட்டுப்போனால்

காய்ச்சல் வரும், தீபாவளி வரும், ஊரில் ஒரு துக்கம் வரும். விட்டுப்போகத்தான் செய்யும். ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலேயே தொடருங்கள். இரண்டு மூன்று வாரம் என்றால் அட்டவணையில் அத்தனை வாரம் பின்னால் போங்கள். ஒரு மாதத்தைத் தாண்டினால் முதல் வாரத்திலிருந்து. மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும், ஆனால் குதிகாலுக்கு அவகாசம் வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி கூடாது. காய்ச்சல் விட்ட பிறகும் நாலைந்து நாள் பாதி அளவு போதும்.

12 வாரம் முடிந்ததும் நாற்காலிச் சோதனை, இடுப்பளவு, எச்.பி.ஏ.1.சி. மூன்றையும் மறுபடி பாருங்கள். பி.பி., சுகர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இதற்குள்ளேயே எழுந்து நிற்கும்போது தலைசுற்றலோ, சாப்பாட்டுக்கு முன் நடுக்கமோ வர ஆரம்பிக்கலாம். உடம்பு தேறியதால் மாத்திரையின் அளவு அதிகமாகத் தெரிகிறது என்று பொருள். நீங்களாக நிறுத்திவிடாமல், ஒரு வாரம் வீட்டில் பார்த்த அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.